சேத விவரம் தெரியவில்லை

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா. சித்திரைத் திருவிழாவுக்கு வந்துவிட்டு மறுபடி கப்பலேறியவர். யுத்தம் வந்து மார்கழியில் அங்கே குண்டு விழுந்ததாகப் பேச்சு வந்தபோது அம்மாவுக்கு நிறைமாதம். கோரிப்பாளையத்தில் எங்கள் சந்து முனைவரை நடக்கவே மூச்சு வாங்கும். அதனால் சாயங்காலம் ரேடியோச் செய்தியைக் கேட்டுவந்து ஒப்பிப்பது என் வேலையாயிற்று. சந்துக்கே ஒரு ரேடியோதான், அத்தர் வியாபாரம் செய்த சாயபு வீட்டில். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

செய்தித் தமிழ் எனக்குப் புதிது. ‘பின்வாங்கினர்’, ‘உறுதி செய்யப்படவில்லை’ என்றெல்லாம் வரும். பொருள் தெரியாமலே வாய்ப்பாடு போல முணுமுணுத்துக்கொண்டு ஓடி, அம்மாவிடம் கொட்டிவிடுவேன்.

ஒருநாள் ரேடியோ சொன்னது: ‘ரங்கூன் துறைமுகப் பகுதியில் மீண்டும் குண்டுவீச்சு. சேத விவரம் தெரியவில்லை.’

அப்பாவின் ஆலை துறைமுகத்தை ஒட்டித்தான் இருந்தது.

“சேத விவரம்னா என்ன மாமா?”

அவர் ரேடியோவை அணைத்தார். “எதெது இடிஞ்சுச்சு, யாரு யாருக்கு என்ன ஆச்சுங்கிறது தாயி. தெரியலைன்னுதானே சொல்றாக. அம்புட்டுத்தான். நீ வீட்டுக்குப் போ.”

எங்கோ ஒருவன் உட்கார்ந்து பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறான், நாளைக்கு அதை வாசிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கணீர்க் குரல் அப்பாவின் பெயரைச் சொல்வது காதிலேயே கேட்டது. வீடு வருவதற்குள் இரண்டு முறை பாவாடை தடுக்கி விழுந்தேன்.

அம்மா நிலைப்படியைப் பிடித்து நின்றிருந்தாள். “என்னாத்தா சொன்னாக?”

அவள் வயிற்றைப் பார்த்தேன். அப்பாவின் பெயரை இனிஷியலோடு சொல்லி, ‘பத்திரமாக இருக்கிறார் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படுகிறது’ என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

“இன்னொருவாட்டி சொல்லு. ரேடியோவுல சொன்ன மாதிரியே சொல்லு.”

சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள்.

மறுநாள் தம்பி பிறந்தான். அதன்பின் ரேடியோ எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் அப்பா பத்திரமாகவே இருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் பயந்துகொண்டேதான் அதைச் சொன்னேன். வைகாசியில் அவர் வந்து சேர்ந்தார். காடும் மலையும் நடந்தே கடந்து, காலெல்லாம் புண்ணாக, எலும்பும் தோலுமாக.

அம்மாவை ஏமாற்றிவிட்டதாகவே வெகுகாலம் நம்பியிருந்தேன். ஒரு குமாஸ்தாவின் பெயரை எந்த ரேடியோவும் வாசிக்காது என்பது எனக்குத்தான் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.