சின்னவள் காட்டு வாய்க்கால்

பாகம் பிரித்தபோது கிணறு இருக்கிற காடு எங்களுக்கு வந்தது. மைன்ஸை ஒட்டிய கல்லாங்காடு என் கொழுந்தனாருக்குப் போனது. அன்றைக்கு நான் அவர் சம்சாரம் சின்னவளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் என் சந்தோஷம் தெரிந்துவிடும்.

அது எழுபதுகளின் நடுவில். பிறகு மைன்ஸில் வெள்ளைக்கல் எடுக்கிற குழியை ஆழமாக்கினார்கள். அடியில் ஊற்று உடைந்து தண்ணீர் நிறைய, பெரிய மோட்டார் வைத்து இராப்பகலாக வெளியே இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் வாய்க்காலாக ஓடிச் சின்னவள் காட்டில் விழுந்தது. எங்கள் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளும் அப்படித்தான். முன்பு குனிந்து சொம்பில் மொண்ட படிக்கட்டில் புறா கூடு கட்டியது.

சின்னவள் மஞ்சள் போட்டாள். கல்லாங்காட்டில் மஞ்சள்! எங்கள் மிளகாய்ச் செடியோ பூவெடுக்கிற நேரத்தில் தலை தொங்கியது. இதுவும் போனால் காட்டை விற்றுவிட்டு மில் வேலைக்குப் போவதாக என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியிடம் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். யாரிடமும் பேசக் கூசுகிற நான்தான் போனேன்.

அவள் வரப்பில் நின்றேன். மஞ்சள் இடுப்புயரம் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

“ஏனுங்கக்கா, வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க.”

“இல்ல அம்மிணி, சும்மாத்தான்.”

“சும்மா வர்ற ஆளா நீங்க! மொளகாய்க்குத் தண்ணி வேணும், அதானுங்க? உங்க காடு பள்ளம், வாய்க்கால வெட்டி உட்டுக்குங்க. எங்க தண்ணிய உங்களுக்கு இல்லீங்கப் போறனா?”

எங்க தண்ணி என்றாள். குழி உறிஞ்சியது எங்கள் கிணற்றை என்று நாக்கு நுனிவரை வந்தது. “ஆகட்டும் அம்மிணி,” என்றேன்.

செடி பிழைத்தது. வீட்டுக்காரர் மில் பேச்சை விட்டார். மிளகாய்ப் பழம் பறிக்க வந்த கூலிக்காரி, “சின்னவங்க மனசு வெச்சாங்க, உங்க காடு பொழச்சுதுங்க,” என்றாள். அதற்கும் “ஆமா” என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் பறிப்பில் ஒரு கூடையை நானே சுமந்துபோய்க் கொடுத்தேன். “எதுக்குங்கக்கா இதெல்லாம்?” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கினாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பழுத்தது என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். “நல்ல பழமாப் பாத்து வெதைக்கு எடுத்து வெய்யி அம்மிணி,” என்று சொல்லிவிட்டு, காலிக் கூடையோடு திரும்பினேன்.