அந்துவானின் நாற்பது எம்.பி.

“வுவாலா”, ஆயிற்று என்று பிரெஞ்சில் சொன்னார் அப்பா. பதிவேற்றும் பொத்தானைத் தட்டியது அதற்குப் பிறகுதான். வேலை முடிந்ததாக முதலில் அறிவித்துவிட்டுச் செய்வதே அவர் வழக்கம். வீடியோ கோப்பு திரும்பி வந்தது: அனுமதி இரண்டு எம்.பி. (மெகாபைட்) மட்டுமே.

“நாப்பதுன்னு எழுதியிருக்கேன். எப்படி ரெண்டுன்னு சொல்லும்?”

“நீங்க சொன்னத அது எடுத்துக்கலப்பா.”

“எடுத்துக்கும். இன்னொரு எடத்துல எழுதறேன்.”

அப்பா அந்துவான் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் தானாக பி.எச்.பி. என்ற நிரல்மொழி கற்றவர். சொன்னபடி கேட்கும்வரை உத்தரவைத் திரும்பச் சொல்வது பாசறைப் பழக்கம். நிரலில் ஒரே கட்டளை தலையில், நடுவில், கடைசியில் என எல்லா இடத்திலும் இருக்கும். சில அமைப்புகள் அப்படி மசிவதில்லை. நிரல் ஓடத் தொடங்குமுன்பே சர்வர் கோப்பை அளந்து தள்ளிவிடும். பிறகு தரும் கட்டளை பிழை காட்டாது, பலிக்கவும் பலிக்காது.

பிரான்சில் இருப்பவர்கள் ஊருக்கு வீடியோ அனுப்ப அவர் நடத்திய இணையதளம் அது. “வாட்ஸ்அப்ல மூஞ்சியெல்லாம் மாவு பூசின மாதிரி வருது” என்பார் டீக்கடையில், யாரும் கேட்காமலே.

முதலியார்பேட்டை கமலா அத்தைக்கு விசா கிடைக்கவில்லை. மகள் அபியின் கல்யாணம் பிரான்சில், லியோனில் அவர் இல்லாமலே நடந்தது. அந்த வீடியோதான் உள்ளே நுழையாமல் நின்றது. “ஞாயித்துக்கெழம உங்க டிவியில ஓட்றேன். காபி மட்டும் போட்டு வைங்க” என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

கடைசியில் நாற்காலியை எனக்கு விட்டார். சர்வரின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளில் அளவை நாற்பதாக மாற்றினேன். சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் அது மாற்றத்தைப் படிக்கும்.

“இப்ப வேணாம் பாப்பா. பிரான்சுல இப்ப காலை, ஆளுங்க உள்ள வர்ற நேரம். அவங்க தூங்கப் போனப்புறம் நானே பண்றேன்.”

யாராவது தளத்துக்குள் இருந்தால் சர்வரில் கை வைக்க மாட்டார்.

அன்று மாலை மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் கமலா அத்தை வந்தார். அப்பாவைப் பற்றியே பேசினார். அபி பேச்சை எடுக்கவில்லை. வீடியோவைப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன்.

“அது கெடக்குது, வுடு. இப்பப் போயி கல்யாணம் பாக்கறதா?”

சர்வர் இன்னும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அத்தையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். விசைப்பலகைமேல் அப்பாவின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. மடித்து ஓரமாக வைத்தேன். தளத்துக்குள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, சர்வரை நிறுத்தித் தொடங்கினேன்.