பதினொரு ராஸ்பெரிக் குச்சிகள்

பதினொரு குச்சிகள். வெட்டிய வரிசையிலேயே தரையில் அடுக்கி ஒருமுறை எண்ணினேன். வேலியோரம் இழுத்துப்போட்ட பிறகு மறுபடியும் எண்ணினேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்று அன்று எனக்கு நிம்மதி. எட்டடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தை மாத வெயில் அவள் பாதம்வரை வந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, பரமத்தி வேலூரில் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி இறந்தபின் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு அவளுடைய சிறுநீரகங்கள் கெட்டன. வாரம் இரண்டு முறை நாமக்கல்லில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஐந்து தம்ளர் தண்ணீர். நான்தான் அளந்து கொடுப்பேன். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, ஆரஞ்சு கூடாது. எங்கள் வீட்டின் மூன்று பக்கமும் வாழைத்தோட்டம்.

ஓர் ஆடி மாதம், காரில் திரும்பி வரும்போது, இனிமேல் போக வேண்டாம் என்றாள். எத்தனையோ பேரின் கடைசி நாட்களைப் பார்த்தவள், பதறாமல்தான் சொன்னாள். பதறியது நான். ஏதாவது ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். ஏற்காட்டில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் செடியிலிருந்தே பறித்துத் தின்ற ராஸ்பெரியைச் சொன்னாள். அளவாகத் தின்றால் அந்தப் பழம் அவளுக்கு ஆகும் என்று டாக்டரும் சொன்னார். நம் வீட்டிலேயே வளர்க்கிறேன், காய்க்கும்வரை டயாலிசிஸுக்கு வர வேண்டும் என்றேன். சிரித்தாள்.

"செரி சாமி. காச்சுப் பறிச்சுத் தின்னுட்டா நிறுத்திப்போடுவேன். அப்பறம் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

ஏற்காட்டில் ஒரு நாற்றுப்பண்ணைக்காரரிடம் வேர்விட்ட செடி ஒன்று வாங்கிவந்தேன். இந்த வெயிலில் அது பிழைக்காது என்று அவர் சிரித்தார். எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்கால்களில் செய்வதுபோல அகத்தி ஊன்றி நிழல் கட்டினேன். நண்பகலில் ஈரச்சாக்கு போர்த்தினேன். தினமும் காலையில் இலைகளை எண்ணி அக்காவிடம் சொல்வேன். கார்த்திகைக்குள் என் உயரத்துக்குப் பதினொரு குச்சிகள். மார்கழியில் இலை பழுத்து உதிர்ந்து, குச்சிகள் பழுப்பேறி நின்றன.

நான் சர்க்கரை ஆலையில் கரும்புக் களப்பணியாளனாக முப்பத்தொரு வருடம் இருந்தவன். வெட்டு முடிந்ததும் அடிக்கட்டையை மண்ணோடு சீவிவிடுங்கள், அப்போதுதான் அதிலிருந்து மறுதாம்பு கொழுத்துத் துளிர்க்கும் என்று எத்தனை ஆயிரம் விவசாயிகளுக்குச் சொல்லியிருப்பேன். அதே கையால்தான் அந்தப் பதினொன்றையும் மண்ணோடு சீவினேன்.

சொன்னபடியே தளிர்த்தது. சித்திரையில் பதினான்கு குச்சிகள், முன்னதைவிடத் தடிமனாக. பூ மட்டும் இல்லை. பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். பழைய குச்சிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"போன வருசத்துக் குச்சியிலதானுங்க பூப்பூக்கும். கரும்புன்னு நெனச்சுட்டீங்களா?"

போனை வைத்தபின் கணக்குப் போட்டேன். இன்னும் ஒரு வருடம். வாரத்துக்கு இரண்டு என்றால் நூற்று நான்கு முறை அவள் கையில் ஊசி ஏற வேண்டும், என் அறியாமைக்காக. மன்னிப்புக் கேட்கத்தான் அவள் கட்டிலருகே போனேன். பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: முப்பத்து நான்கு வருடம் அந்தச் செடிகளுக்கு நடுவே இருந்தவளுக்கு இது தெரியாமலா இருக்கும்?

"தெரியுமுங்களா அக்கா?"

"தெரியும்."

"அப்பறம் வெட்டறப்ப ஏனுங்க சொல்லல?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காச்சா நிறுத்திப்போடறேன்னு வாய் உட்டுட்டேன். நீ பாட்டுக்கு வெட்டுனயா, இன்னொரு வருசம் கெடைக்குதுன்னு இருந்துட்டேன். எனக்கு இருக்கோணும்னுதான் சாமி இருக்குது. உனக்குப் பாரமா இருந்துட்டு அத எப்படிச் சொல்றது?"

இலைகளை எண்ணியவன், தண்ணீரை அளந்தவன். ஒரே கூரையின் கீழே அவள் பயந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு காலையும் "இன்னும் ரெண்டு இலை விட்டிருக்குது" என்று நான் போய்ச் சொன்னபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பழம் வேண்டாம், செடியைப் பிடுங்கிவிடுகிறேன், நீங்கள் இருங்கள் என்றேன். பிடுங்க வேண்டாம் என்றாள்.

அவள் நினைத்திருந்த அந்த ஒரு வருடமும் முழுதாக அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சேலை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். எங்கள் ஒப்பந்தத்துக்குப் பிறகு நூற்றுப் பதினொரு முறை போயிருந்தாள்.

அதற்கடுத்த தையில் நான் அரிவாளைத் தொடவில்லை. இந்தப் பங்குனியில் செடி காய்த்திருக்கிறது. நேற்று ஆறு பழங்கள் பழுத்துக் கறுத்திருந்தன, இன்று ஒன்பது. காய்த்தால் நிறுத்துவதற்கு இந்த வீட்டில் இப்போது எதுவும் இல்லை.