துப்பாக்கிக்குப் பட்டி பார்த்த கதை

இன்று காலை தாலுகா ஆபீஸில் நான், என் வீட்டுக்காரர், ஒரு துப்பாக்கி!

(பதறாதீர்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான்.)

போதமலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மரவள்ளி இருக்கிறது. கிழங்கு முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கிவிடும். அதை விரட்டத்தான் மாமனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, துணியை வைத்துக் குச்சியால் இடித்து, பொட்டு வெடி மாதிரி ஒரு கேப்பு வைத்து விசையை இழுத்தால் ஒரே ஒரு 'டமார்'. குண்டெல்லாம் கிடையாது. பன்றிக்கு அந்தச் சத்தமே போதும்.

வெடித்தபின் குழலைக் கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடுமாம். என் வீட்டுக்காரர் எதில் கழுவுவார்? என் இட்லிப் பானையில் காய்ச்சிய வெந்நீரில்! வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். துடைப்பதற்கு என் காட்டன் சேலை. மேலே பூச என் தேங்காய் எண்ணெய். (எனக்கு முடி கொட்டுகிறது, துப்பாக்கி மினுமினுக்கிறது.)

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். லைசென்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றதும்தான் மனிதருக்கு ஆசை முற்றிவிட்டது.

"ஆபீசர் பாக்கறப்பப் பளிச்சுனு இருக்கோணும் புள்ள!"

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அவருடைய நண்பர் செல்வராசுவிடம் கொண்டுபோனார். பக்கத்திலேயே இருந்து வேலையை முடித்து வாங்கி வந்தார்.

நேற்று வீட்டுக்கு வந்தது பாருங்கள் ஒரு கோலம்! குழலுக்கு மெரூன் பெயிண்ட், மஞ்சள் கோடு. கட்டைக்கு ரேடியம் ஸ்டிக்கர். சீட் ரெக்ஸினில் தோள் வார். நுனியில் சிவப்புக் குஞ்சம். (நேஷனல் பர்மிட் ஒன்றுதான் இல்லை.)

இன்று ஆபீசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்கங்க?"

"குழல் அடியில வெட்டியிருக்குமுங்க சார்..."

அங்கே தடவிப் பார்த்தால் வழுவழு!

இவர் உடனே செல்வராசுவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

"அந்தக் குழியவா கேக்கற? நொம்பச் சொரசொரன்னு இருந்துச்சு. நாந்தான் பட்டி வெச்சுத் தேச்சு மட்டம் பண்ணுனேன். கைய வெச்சுப் பாரு, வெண்ணெயாட்ட இருக்கும்!"

லாரியில் நசுங்கின இடத்தில் பூசித் தேய்ப்பார்களே, அந்தப் பட்டி. துப்பாக்கியின் அடையாளத்தையே பூசி மூடிவிட்டார்! (இவர் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.)

ஆபீசர் பேனாவை மூடினார். "நம்பர் தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்க. அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது? அதற்குள் பன்றி வந்து கிழங்கைத் தோண்டிவிட்டால் இத்தனை மாதப் பாடும் மண்ணோடு போய்விடும். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா? இல்ல, அதுக்கும் பட்டி வெச்சு மூடியாச்சுங்களா?"

ஆபீசர் ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன்.

"சார், கொஞ்ச நேரம் குடுங்க."

வராண்டா பெஞ்சில் துப்பாக்கியை மடியில் போட்டுச் சுரண்ட ஆரம்பித்தேன். ஊக்கு வளைந்தது, நகம் உடைந்தது. இவர் பக்கத்தில் நின்று, "பாத்துப் புள்ள, பெயிண்ட் பேந்துரப் போகுது" என்கிறார்! நான் பார்த்த பார்வையில் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஒவ்வொரு எண்ணாக வெளியே வந்தது. கடைசி எண்ணும் தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆபீசர் லைசென்ஸோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த தடவை துருவோட வந்தாலும் பரவாயில்லைங்க. பெயிண்ட் மட்டும் வேண்டாம்."

வெளியே வந்ததும் ஒரு நன்றியாவது சொல்வார் என்று பார்த்தேன். மனிதர் என் கையிலிருந்த ஊக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுமதி, இது கரெக்ட் சைஸு புள்ள! கேப்பு வெக்கிற எடத்துல சின்ன ஓட்டை இருக்குதுல்ல, அதுல கரி அடைச்சுக்குது. குத்தி எடுக்க இந்த மாதிரி ஒண்ணத்தான் தேடிட்டு இருந்தேன்!"

வாங்கி, நிமிர்த்தி, ரெக்ஸின் வாரில் குத்திக்கொண்டார்!!

பானை போச்சு, சேலை போச்சு, எண்ணெய் போச்சு. இன்று ஊக்கும் போச்சு.

கழுத்தில் மிச்சம் இருப்பது தாலி மட்டும்தான். அதை மாட்டவும் துப்பாக்கியில் ஒரு இடம் இருக்கும் என்று அவருக்கு இன்னும் தோன்றவில்லை.