பொன்னேரி படக்கதைக் கூட்டத்துக்கு நாங்கள் போய் வந்தது

போன சித்திரையில், பள்ளிக்கூட லீவில், பொன்னேரியில் நடந்த படக்கதைக் கூட்டத்துக்கு நாங்கள் மூன்று பேர் போய் வந்தோம். நான், என் மகன் சேகர், என் நாத்தனார் கன்னியம்மா. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து யாராவது பிள்ளைகளோடு போக நினைத்தால் உதவும் என்று கூட்டம் நடத்தியவர்கள் எழுதச் சொன்னார்கள். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பழவேற்காட்டு டீக்கடையில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துவிட்டு சேகர்தான் ஓடி வந்தான். பழைய படக்கதைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று அதில் போட்டிருந்ததாம். எங்கள் வீட்டில் ஒரு மூட்டை இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். கும்மிடிப்பூண்டியில் இப்போது ஃபேக்டரிகளுக்கு வேலி போட்டுக்கொண்டு வருகிறார்களே, அங்கே ஒரு இன்ஜினியர் வீட்டுக்கு என் வீட்டுக்காரர் இறால் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வீட்டம்மா தன் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை இவரிடம் கொடுத்துவிடுவார்.

சாயங்காலமானால் இவர் அதை விரித்து வைத்துக்கொண்டு சேகருக்குக் கதை படிப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிடும். போன ஐப்பசிப் புயலில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இவர் போய்விட்டார்.

போகலாமா வேண்டாமா என்று பத்து நாள் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. வாய்க்கு அடைப்பே கிடையாது.

"ஏம்மே, தாலி எறக்கி வருசம் திரும்பல. அதுக்குள்ள பொம்மை புஸ்தகத் திருவிழாவுக்குக் கெளம்பிட்டியா? ஊரு இன்னா பேசும்?"

"திருவிழா இல்ல அண்ணி. மேளம் கெடையாது, விருந்து கெடையாது. பள்ளிக்கூடத்துல நடக்குது."

"அப்போ அங்க போய் இன்னாதான் பண்ணுவாங்கோ?"

"படிப்பாங்கோ."

"அதுக்கு எதுக்கு பஸ் ஏறணும்? ஊட்லயே குந்திக்கினு படிக்க வேண்டிதானே?"

ஊர்ப் பேச்சுக்கு நான் பயப்படவில்லை. என் பயம் வேறு. என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்துப் பார்த்து அவரே கதை சொல்லிக்கொண்டு போவார். பெரியவர்களுக்கு இது தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. "எங்க நைனா இங்கிலீஷ் படிப்பாரு" என்று சேகர் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வைத்திருந்தான். பொன்னேரியில் படித்தவர்கள் வருவார்கள். அப்பனை ஒரு தடவை கடலில் விட்ட பிள்ளை, அங்கே இன்னொரு தடவை விட வேண்டுமா என்று எனக்குத் தூக்கமே இல்லை.

கடைசியில் ஒன்று நினைத்தேன். இன்னும் இரண்டு வருடத்தில் அவனே இங்கிலீஷ் படிப்பான். அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து தெரிந்துகொள்வதைவிட, நான் பக்கத்தில் இருக்கும்போது தெரியட்டும். போகலாம் என்று சொல்லிவிட்டேன். "உன்னத் தனியா அனுப்புனா இன்னும் பேஜாரு" என்று நாத்தனாரும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் குப்பம் ஏரிக்கு அக்கரை, பழவேற்காட்டுக்குக் காலை ஆறு மணிக்குப் படகு. வெளியாள் என்றால் இருபத்தைந்து காசு வாங்குகிறார்கள். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஏழேகால் பஸ். பெரியவர்களுக்கு எழுபது காசு, பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும். வழியெல்லாம் நின்று நின்று போவதால் ஒரு மணி நேரம் பிடிக்கிறது.

மூட்டையைப் பார்த்த கண்டக்டர், "கருவாடா? மேல போடும்மா, வண்டி நாறும்" என்றார்.

"புஸ்தகம்யா. வேணும்னா மோந்து பாரு" என்றார் நாத்தனார். பஸ்ஸே சிரித்தது.

கூட்டம் நடந்த பள்ளிக்கூடம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். உள்ளே போகக் காசு கிடையாது. கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் புத்தகங்களைத் தொங்க விட்டிருந்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் பையன் எங்கள் மூட்டையைப் பிரித்ததும், "எங்கேம்மா புடிச்சீங்க இதெல்லாம்?" என்று அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு புத்தகத்தை எடுத்து, சுற்றியிருந்த பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான். முகமூடி போட்ட ஒருவன் படகு வலித்துக்கொண்டு கலங்கரை விளக்குக்குப் போகிற கதை.

"இவன் எதிரி நாட்டு ஆளு. பையில வெடிகுண்டு இருக்குது. விளக்க ஒடைக்கப் போறான்."

"இல்லண்ணா" என்றான் சேகர். "பையில வலை. திருடுன வலையத் திருப்பிக் குடுக்கப் போறான். வெக்கத்துலதான் மூஞ்சிய மூடிக்கினு போறான்."

பிள்ளைகள் சிரித்தன. அந்தப் பையன் சிரிக்கவில்லை. எழுத்தின்மேல் விரல் வைத்து, "இங்க குண்டுன்னுதாம்பா போட்ருக்குது" என்றான்.

சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தான். சொல்லிவிட்டேன். "நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுப்பா. படத்தப் பாத்து அவராதான் சொல்வாரு."

சேகர் குனிந்துகொண்டான். அப்போதுதான் நாத்தனார் குறுக்கே வந்தார். "தெரியாட்டி இன்னா? என் தம்பி கதையில இவன் வலையக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்து சோறு துன்னுவான். உன் புஸ்தகத்துல இன்னா ஆவுறான், சொல்லு பாப்போம்?"

பையன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "படகு கவுந்து கடல்ல செத்துடுறான்மா."

என் வீட்டுக்காரர் அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கவிழ்ந்த படகு அந்தப் படத்தில் எப்போதும் இருந்தது. அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசுகிறான் என்பார். எங்கள் வீட்டில் அந்த ஆள் ஒரு நாள்கூடச் சாகவில்லை.

"வலை கதையே சொல்லுடா" என்றது ஒரு சின்னப் பெண். சேகர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். முதலில் திக்கித் திக்கித்தான் சொன்னான். மூன்றாவது பக்கத்துக்கு மேல் அவன் அப்பன் குரலே வந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சோறு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே மோர் மட்டும்தான் கொடுக்கிறார்கள். புத்தகத்தில் பெயர் எழுதி எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் கலந்துவிடும். நாலு மணி பஸ்ஸை விட்டால் அக்கரைக்குப் படகு கிடைப்பது கஷ்டம். துக்க வீடு என்று யோசிக்காதீர்கள், அங்கே யாரும் கேட்கவில்லை. பெற்றவர்களுக்குப் படிப்பு இல்லையே என்றும் கூச்சப்பட வேண்டாம்.

திரும்பும்போது சேகர் பாதி வழி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு கேட்டான்.

"எல்லாக் கதையும் நைனாவே கட்டுனதாம்மா?"

"எல்லாந்தான்."

"மூட்டை பூராவுமா?"

"பூராவும்."

பக்கத்தில் கத்திரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தவரை, முன்பின் தெரியாத ஆளை, தட்டிக் கூப்பிட்டான்.

"எங்க நைனாவுக்கு இங்கிலீஷே தெரியாது, தெரியுமா?" என்றான், அத்தனை பெருமையாக.