அத்தானின் நினைவு மலர்

எழுத ஆசைப்படும் பிள்ளைகள் சிலர் மாதத்தில் ஒருமுறை என் வீட்டு விறாந்தையில் கூடுகிறார்கள். கையில் கைபேசி, கைபேசிக்குள் கவிதை. "மிஸ், எழுத்தாளராக என்ன செய்யவேணும்?" என்று கேட்பார்கள். நிறைய வாசியுங்கள், தினமும் எழுதுங்கள் என்று எல்லாரையும் போல நானும் சொல்லித் தப்பிக்கொள்ளலாம். ஆனால் நான் சொல்வது வேறு.

"உயிரோட இருக்கிற ஒராளுக்கு நினைவு மலர் எழுதுங்கோ. எழுதிப்போட்டு அவருக்கே வாசிச்சுக் காட்டுங்கோ."

போன மாதம் இதைக் கேட்ட ஒரு பிள்ளை, கடித்த ரோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சிறு புத்தகம் அடிப்பார்கள். அட்டையில் அவர் படம், உள்ளே வாழ்க்கை வரலாறும் செபங்களும், கடைசிப் பக்கத்தில் நன்றி. வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்கென்று ஊரில் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். துறைமுகத்தை அண்டிய எங்கள் தேவாலயப் பங்கில் மாட்டியவள் நான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த ஒரே குற்றத்துக்காக.

என் கையில் அகப்பட்ட இறந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆளானார்கள். இன்முகம் மாறாதவர், பண்பின் சிகரம், பொறுமையின் பிறப்பிடம். படத்தையும் பெயரையும் மாற்றினால் அடுத்தவருக்குத் தயார். யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் வாசித்ததில்லை. நன்றிப் பக்கத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அதாலேயே விசிறிக்கொள்வார்கள். திருகோணமலை வெயிலுக்கு என் எழுத்து அந்த அளவிலாவது உதவியது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அத்தானுக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், படகு இயந்திரம் திருத்துகிறவர். கண்டியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த அன்று பின்னேரமே வந்து என் கதிரையில் உட்கார்ந்தார்.

"மச்சாள், எனக்கு ஏதும் நடந்தால் நீங்கள்தானே எழுதுவீங்கள்?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான்."

"எழுதுறதை இப்பவே எழுதித் தாங்கோ. பிறகு பிழை இருந்தால் நான் ஆரிட்டச் சொல்றது?"

எழுதினேன். இன்முகம், சிகரம், பிறப்பிடம் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்காவைக் குசினியிலிருந்து கூப்பிட்டு உரக்க வாசித்தார். 'பொறுமையின் பிறப்பிடம்' வந்ததும் நிறுத்தி, இன்னொருதரம் வாசித்தார். அக்கா அகப்பையும் கையுமாக நின்று முழுவதையும் கேட்டாள்.

"இது ஆர்?"

"நான்தான்."

"இந்த மனுசனை எனக்குத் தெரியாது. இவர் செத்தால் நான் என்னத்துக்கு அழவேணும்?"

கேட்ட வாய் மூடவில்லை, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாள் குறித்ததிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள். அத்தான் திரும்பி வராவிட்டால் அவளிடம் மிஞ்சப்போவது இந்த விசிறிதானா என்று நினைக்க எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்து கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். அத்தான் வானொலிச் செய்தியோடு சண்டை பிடிப்பவர், செய்தி வாசிப்பவர் தன்னைக் கதைக்க விடுவதில்லை என்று கோபிப்பவர். காட்ஸ் விளையாட்டில் களவு செய்வார், பிடிபட்டால் உடனே பூசைக்கு நேரமாகிவிடும். கத்தரிக்காய் வாங்கச் சாம்பல்தீவுக்குப் போய் ஆட்டுக்குட்டியோடு திரும்பியவர். அந்த ஆட்டுக்கு அக்காவின் பெயரையே வைத்து, அக்காவின் வாயால் நன்றாக வாங்கிக் கட்டியவர். வேலை செய்யும்போது பாடுவார், இயந்திரம் எவ்வளவோ மேல். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் அந்த வீட்டில் சத்தமே இருக்காது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்.

கண்டிக்குப் புறப்பட முதல்நாள் இதை வாசித்துக் காட்டினேன். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதென்ன மானத்தை வாங்குற கதை! அந்தக் காட்ஸ் வரியை எடுங்கோ."

"ஏலாது."

"ஆட்டையாவது?"

"ஏலாது."

"அப்ப அந்தப் பொறுமையின் பிறப்பிடத்தைப் போடுங்கோவன்."

"அதைப் போன மாசம் செத்தவருக்குப் போட்டாச்சு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஓம், இவர்தான். இவரேதான்," என்றாள். செருப்பு வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். அத்தான் யன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு விறுக்கென்று எழுந்தார்.

"இதைத்தான் அடிப்பீங்கள் எண்டால் நான் சாகவே மாட்டன். பாப்பம்!"

சொன்ன சொல் தவறவில்லை. பாதி உடம்பாக, ஆசுபத்திரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். இப்போதும் இடைக்கிடை நல்ல பாரை மீனோடு வருவார். அந்த ஆட்டு வரியை எடுப்பதற்கான லஞ்சம் அது. மீனைக் குழம்பு வைத்துவிடுகிறேன், ஆடு அங்கேயே நிற்கிறது.

இதையெல்லாம் கேட்டபின் அந்தப் பிள்ளை உட்கார்ந்து ரோல்ஸைத் திரும்ப எடுத்தது. எழுதிய வரியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டுப் பாருங்கள், பொருந்தினால் வெட்டுங்கள் என்றேன். ஆளுக்குக் கோபமும் ஆளின் வீட்டாருக்குச் சிரிப்பும் வந்தால் அந்த வரியில் கையை வைக்காதீர்கள் என்றேன். பிள்ளை கைபேசியைத் திறந்து, தன் கவிதையிலிருந்த நிலவை அழித்தது.

"மிஸ் எழுதினதிலயே திறமானது அந்தக் கட்டுரைதானோ?"

"ஓம்."

"எதில வந்தது?"

"இன்னும் வரேல்லை."

"ஐயோ, ஏன் மிஸ்? வெளியில வரவேணுமெண்டு ஆசையில்லையோ?"

பாவம், பிரசுரமாவதற்காக நேர்த்தி வைக்கிற வயது. நானும் ஞாயிறு தவறாமல் மெழுகுதிரி கொளுத்தித்தான் வருகிறேன், அது வெளிவரக்கூடாதென்று.