மாமல்லபுரத்தில் கழற்ற முடியாத கிரீடம்

ஞாயிறு காலை ஆறரைக்குப் படாளத்தில் பஸ் ஏறினோம், நானும் என் தம்பி மகள் கோகிலாவும். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மூன்று மாதமாகத் தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஃபோம் அட்டையை வெட்டி ஒட்டி, ஒரு கடல்ராணியின் கவசமும் கிரீடமும் செய்திருந்தாள். மாமல்லபுரத்தில் காஸ்பிளே விழா. வேஷம் கட்டி வருகிறவர்களுக்குப் போட்டி. முதல் மூன்று பேர் பெங்களூர்ப் போட்டிக்குப் போகலாம். அந்த மூன்றில் ஓர் இடம் அவளுக்கு வேண்டும். நான் வேடிக்கை பார்க்கப் போனவள்.

செங்கல்பட்டில் பஸ் மாறினோம். கிரீடம் வைத்திருந்த மூட்டைக்குள் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அம்மனுக்குக் கிரீடமா?"

"இவளுக்குத்தான் நைனா."

"அப்ப முன்னாடி சீட்ல குந்த வை. நமக்கு எதுக்கு வம்பு."

திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு இறங்கினோம். கடலோர ரிசார்ட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பார்வையாளர் டிக்கெட் இருநூறு.

உள்ளே நீல முடிக்காரர்கள், வால் வைத்தவர்கள், ஆளுயரக் கத்தி தூக்கியவர்கள். கத்தியெல்லாம் அட்டை. ஒரு ரோபோவுக்குக் கை மடங்கவில்லை. அவர் மனைவி மோர் டம்ளரில் ஸ்ட்ரா போட்டு வாயில் வைத்தாள்.

பதினோரு மணிக்குக் கோகிலாவுக்குக் கிரீடம் கட்டினேன். கூத்துக் கட்டும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். நனைத்த துணி நாடாவால் முடிச்சுப் போடுவோம். காயக் காய இறுகும், ராத்திரி முழுக்க ஆடினாலும் அசையாது. அவள் கிரீடத்தில் பிரித்து ஒட்டுகிற வெல்க்ரோ பட்டை வைத்திருந்தாள். "அத நம்பாத புள்ள" என்று அதை உள்ளே மடித்துவிட்டு, ஈர நாடாவால் முடிச்சுப் போட்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு மேடை. கடற்காற்றில் ஒரு தேவதையின் இறக்கை பிய்ந்து விழுந்தது. கோகிலாவின் கிரீடம் அசையவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியிடம், "நான் கட்டினது" என்றேன்.

நடுவர் அம்மாள் சொன்னாள்: "கிரீடத்த கழட்டிக் குடும்மா. உள் வேலை பாக்கணும், மூணு நிமிஷம்."

முடிச்சு அவிழவில்லை. கோகிலா பிடுங்கினாள், நடுவர்கள் பிடுங்கினார்கள். ஒருவர் கத்தரியை எடுத்தார்.

"வேணாம்! கட்டின கிரீடத்துல கத்தி படக்கூடாது!" என்று கீழேயிருந்து கத்தினேன். கூத்தில் அது வழக்கம். கோகிலா என்னைப் பார்த்தாள். கத்தரியை வாங்காமல் கையை இறக்கிக்கொண்டாள். நேரம் முடிந்தது.

மூன்று மணிக்கு முடிவு. அவள் நான்காவது. "வெளிய அருமை. உள்ள பாக்க முடியல, அந்த மார்க் போச்சு" என்றாள் நடுவர் அம்மாள்.

எங்கள் ஊரில் கிரீடத்தின் வெளிப்பக்கத்தைக் கும்பிடுவோம். இங்கே உட்பக்கத்துக்கும் மார்க்.

கோகிலா கிரீடத்தோடேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். சனமெல்லாம் பார்த்தது.

"கத்தி பட்டா இன்னா ஆவும் அத்த?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியாது. யாரும் பட வுட்டதில்ல."

"அதுக்கா என் மூணு மாசம் போச்சி?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பூக்காரியிடம் கத்தரி வாங்கி நானே நாடாவை வெட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் கிரீடம் என் மடியில் மல்லாந்து கிடந்தது. ஒவ்வோர் ஒட்டின் மேலும் துணிப்பட்டை வைத்துப் பொடித் தையல் போட்டிருந்தாள். நெற்றி படும் இடத்தில் பஞ்சு. திருக்கழுக்குன்றம் வரும்வரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவர்கள் பார்க்க வேண்டியதை நான் ஒருத்திதான் பார்த்தேன்.